கவுன்சிலிங் லிஸ்ட்ல ரெண்டு தடவை வர்ற பேர்

கவுன்சிலிங்ல சாய்ஸ் போட்டவங்க எல்லாருமே இந்தப் பேரைக் கடந்துதான் வந்திருப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தோட கேம்பஸ் கல்லூரிகள்ல ஒண்ணு ஏ.சி.டெக். அதுக்குக் கொஞ்சம் கீழ, காரைக்குடியில இருக்கிற அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. ஏ.சி.ன்னா அழகப்ப செட்டியார்தான்னு அங்கேயே படிக்கிற பசங்கள்ல பலருக்குத் தெரியாது. முதலாவது, அவர் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக் கொடுத்த பணத்துல வந்தது. ரெண்டாவது, அவரே சொந்த ஊர்ப் பக்கம் ஆரம்பிச்ச தனியார் கல்லூரி. யுனிவர்சிட்டியா, பெரிய பிரைவேட் காலேஜா என்று பிளஸ் டூ முடிச்ச ஒவ்வொரு வீட்டுலயும் ஓடுற சண்டையை, படிக்கிற பக்கத்துல இருந்து இல்லாம, பணம் போடுற பக்கத்துல இருந்து பார்த்த மனுஷன் இவர்.

1909 ஏப்ரல் 6ஆம் தேதி, காரைக்குடிக்குப் பக்கத்துல கோட்டையூர்ல பிறந்தார். நகரத்தார் குடும்பம். அந்தக் காலத்துல அந்த வீட்டுப் பையன்கள் பொதுவா கணக்கு பழகிட்டு பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிக்கக் கடைக்குக் கிளம்பிடுவாங்க. இவர் சென்னை பிரசிடென்சி கல்லூரிக்குப் போனார். படிச்சது ஆங்கில இலக்கியம், எம்.ஏ. வரைக்கும். பின்னாடி கெமிக்கல், டெக்ஸ்டைல், சிவில், மெக்கானிக்கல்னு கல்லூரி கல்லூரியா திறந்தவர் ஒரு இலக்கிய மாணவர் என்பது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அப்புறம் லண்டன். அங்க பாரிஸ்டர் ஆனார், கையோட விமானம் ஓட்டுற லைசென்ஸும் வாங்கிட்டு வந்தார்.

திரும்பி வந்ததும் கோர்ட்டுக்குப் போகல, தொழிலுக்குத்தான் போனார். 1937ல கேரளாவுல திருச்சூர் பக்கம் ஒரு நூற்பாலை. அந்த இடம் இன்னைக்கும் அழகப்பா நகர்னுதான் மேப்ல இருக்கு. மலேயாவுல ரப்பர், ஈயம், இங்க இன்சூரன்ஸ், தியேட்டர், பிறகு ஜூபிடர் ஏர்வேஸ்னு ஒரு விமான கம்பெனி. எல்லாம் நாற்பது வயசுக்குள்ள. பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்துச்சு. நாடு விடுதலை ஆனதும் அதைத் தூக்கிப் போட்டுட்டார். தொழில் கதை இவ்வளவு போதும், நம்ம விஷயத்துக்கு வருவோம்.

1940களோட ஆரம்பத்துல, இன்னைக்குத் தமிழ்நாடுன்னு சொல்ற பகுதியில பொறியியல் டிகிரி வேணும்னா கிண்டி மட்டும்தான். அங்கேயும் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல்தான். மில் வச்சிருந்த ஆளுக்கு இந்த ஓட்டை நல்லாத் தெரிஞ்சிருக்கும். சாயம் போடத் தெரிஞ்ச, நூலோட கணக்கு தெரிஞ்ச, ரசாயன ஆலையை நடத்தத் தெரிஞ்ச படிச்ச ஆள் வேணும்னா எங்கே போவது? சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1944ல கிண்டி காலேஜுக்குப் பக்கத்துலயே அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி வந்துச்சு. கெமிக்கல், டெக்ஸ்டைல், அடுத்து லெதர். கிண்டியில எது இல்லையோ அது.

அந்த 5 லட்சத்தை வச்சு அப்பவே தனியா ஒரு கல்லூரி கட்டியிருக்கலாமே? அது நடக்காத கதை இல்லை. 1949ல சி. ராஜம் தன் சொத்தை வித்த பணத்துல குரோம்பேட்டையில எம்.ஐ.டி.யை ஆரம்பிச்சார். ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன்னு அப்போ இங்க யாரும் கேள்விப்படாத படிப்புகள். முழுக்கத் தனியார். அப்துல் கலாம் படிச்ச இடம் அதுதான். ஆனா அழகப்பர் முதல்ல பல்கலைக்கழகத்தை நம்பினார். என் கணிப்பு என்னன்னா, புதுப் படிப்புக்கு முதல்ல வேண்டியது கட்டடம் இல்லை. டிகிரிக்கு மதிப்பும், ஆசிரியர் வந்து சேர ஒரு காரணமும். அது ரெண்டும் பல்கலைக்கழகத்துகிட்ட ஏற்கனவே இருந்துச்சு.

ஆனா மூணே வருஷத்துல அவர் பாதை மாறுது. 1947ல சென்னையில அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, கல்லூரிகள் எல்லாம் நகரத்துலயே குவிஞ்சு கிடக்கு, வெளியூர்கள்ல கல்லூரி தொடங்க வசதியானவங்க முன்வரணும்னு கேட்டார். கூட்டத்துல இருந்த அழகப்பர் எழுந்து காரைக்குடியில நான் ஆரம்பிக்கிறேன்னு அங்கேயே அறிவிச்சு, 1 லட்சம் ரூபாயும் கொடுத்துட்டார். அந்த ஆகஸ்ட்லயே காரைக்குடி காந்தி மாளிகையில வகுப்பு நடக்க ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல ஒரு லேப் வரவே எத்தனை செமஸ்டர் ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

கேட்டது பல்கலைக்கழகத்தோட துணைவேந்தர் என்பதைக் கவனிங்க. பல்கலைக்கழகமும் தனியாரும் எதிரெதிர் கட்சின்னு நாம பழகிட்டோம். அங்க அப்படி இல்லை. இது 1984க்குப் பிறகு சுயநிதி பொறியியல் கல்லூரிகள் வந்த பின்னாடி நமக்குப் பழகின கணக்கு.

நான் சேத்துப்பட்டு. பக்கத்து ஆரணியில தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பட்டு நெய்யற வீட்டுல ஒரு பையன் நல்ல கட்-ஆஃப் எடுத்தா, அடுத்த வாரமே விவாதம் ஆரம்பம். கிண்டியில டெக்ஸ்டைல் கிடைக்குதா, இல்ல தனியார்ல பேர் பெற்ற இடத்துல கம்ப்யூட்டர் சயின்ஸா? ஃபீஸ் ஒரு பக்கம், ஹாஸ்டல் ஒரு பக்கம், எந்தக் கம்பெனி கேம்பஸுக்கு வருதுங்கறது இன்னொரு பக்கம். தறியில உட்கார்ந்து முதுகு போன அப்பா, மறுபடியும் நூலைப் படிக்கவா பையனை அனுப்பணும்னு கேட்பார். அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. ஆனா 1944ல டெக்ஸ்டைலுக்குப் பணம் போட்டவரும் நூலை நம்பிப் பிழைச்சவர்தான். வித்தியாசம், அவர் ஆலை முதலாளி. இவர் கூலிக்கு நெய்யறவர். ஒரே படிப்பு ரெண்டு வீட்டுக்கு ரெண்டு விதமாத் தெரியும்.

காரைக்குடிக்குத் திரும்புவோம். சுதந்திர இந்தியா தேசிய ஆய்வகங்களைத் திட்டம் போட்டுக்கிட்டு இருந்த நேரம். டெல்லி, புனே மாதிரி ஊர்களுக்குத்தான் அது போகும்னு எல்லாரும் நினைக்கிறப்போ, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர்றேன், ஒண்ணைக் காரைக்குடிக்குக் கொடுங்கன்னு கேட்டார். 1948 ஜூலை 25ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் அன்னைக்கு ராதாகிருஷ்ணன் திறந்து வச்சார். அதுதான் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம். இன்னைக்கு பேட்டரி பத்தி நாடே பேசுது. அதோட ஆராய்ச்சி அந்தச் செம்மண் பூமியில அப்பவே தொடங்கிடுச்சு.

நடுவுல 1952ல பொறியியல் கல்லூரி. இந்தத் தடவை பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள இல்லை. சொந்த அறக்கட்டளை, சொந்த மண். கிண்டிக்கு வர முடியாத ராமநாதபுரம், சிவகங்கைப் பையன்களுக்கு ரயில் செலவு மிச்சம். அதுக்கு முந்தின வருஷம்தான் கோயம்புத்தூர்ல பி.எஸ்.ஜி. டெக் ஆரம்பிச்சிருந்தாங்க. தனியார் தொழில்நுட்பக் கல்லூரின்னா பணம் கட்டி சேர்ற இடம்னு இல்லாம, பணம் உள்ளவர் கட்டிக் கொடுக்கிற இடம்னு இருந்த காலம்.

இதெல்லாம் உடம்பு நல்லா இருக்கும்போது செஞ்சது இல்லை. தொழுநோய் அவரைப் பிடிச்சிருந்துச்சு. அந்தக் காலத்துல அந்த நோய் வந்தா வீட்டுக்குள்ளயே ஒதுக்கி வைப்பாங்க. பெரிய பணக்காரர்னாலும் பார்க்கிற கண்ணு பார்க்கத்தான் செய்யும். விழா மேடையில நிற்கிறதே ஒரு துணிச்சல். கடைசி வருஷங்கள்ல தொழிலும் முன்ன மாதிரி இல்லை. அப்படியும் கோட்டையூர்ல தான் குடியிருந்த மாளிகையையே பெண்கள் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். இருக்கிறதுல கொடுக்கிறது ஒரு ரகம், இருக்கிற வீட்டையே கொடுக்கிறது வேற ரகம். 1956ல பத்மபூஷண். 1957 ஏப்ரல் 5ல இறந்தார். மறுநாள் அவருக்கு 48 வயசு முடிஞ்சிருக்கும்.

அவர் வச்ச செடிகள் போன திசை விசித்திரமானது. ஏ.சி.டெக்கும் கிண்டியும் 1978ல சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்ள போச்சு. ராஜத்தோட எம்.ஐ.டி.யும் அதே வருஷம் அதுக்குள்ளதான். காரைக்குடியில 1985ல அழகப்பா பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகமா வந்துச்சு. 1952ல தனியாரா ஆரம்பிச்ச பொறியியல் கல்லூரியோட பேர்லயும் இப்போ அரசுங்கற வார்த்தை சேர்ந்துடுச்சு.

ஜூனியர்களுக்கு ஒரு தகவல். சிக்ரிக்குள்ளயே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங்னு ஒரு பி.டெக். இருக்கு, 1988ல இருந்து. டிகிரி அண்ணா பல்கலைக்கழகத்தோடது, சேர்க்கை நம்ம கவுன்சிலிங் வழியாத்தான், வகுப்பு மட்டும் தேசிய ஆய்வகத்துல. லிஸ்ட்ல அது இருக்கிற வரியில அழகப்பர் பேர் இருக்காது. வேகமாத் தள்ளிட்டுப் போயிடாதீங்க.