கேளா ஒலியால் கண்ட மருத்துவ மேதை

'ஸ்கேன்' எடுத்து வாருங்கள் என்று டாக்டர் சொன்னதுமே நம்முள் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. ஊசி குத்துவார்களோ, வலிக்குமோ, கதிர்வீச்சால் தீங்கு நேருமோ என்று அஞ்சுகிறோம். அச்சோதனையை மகப்பேறு மருத்துவத்திற்கு வழங்கிய டாக்டர் இயன் டொனால்டின் வரலாற்றை அறிந்தால் நம் அச்சம் நீங்கும்.

இயன் டொனால்ட் 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் இங்கிலாந்தில், கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த லிஸ்கார்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். அவரது உடல்நலம் கருதிக் குடும்பம் தென்னாப்பிரிக்காவில் குடியேறியது. அங்கே 1927-இல் தொண்டை அடைப்பான் நோயால் தாயார் மறைந்தார்; சில மாதங்களில் தந்தையாரும் காலமானார். நான்கு பிள்ளைகளில் மூத்தவரான இயனுக்கு அப்போது வயது பதினாறு. துயரத்திலும் கல்வியைக் கைவிடாத அவர், பின்னர் லண்டன் திரும்பி, 1937-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில் விமானப் படை மருத்துவராகப் பணியாற்றினார். குண்டுகளுடன் தீப்பற்றி எரிந்த விமானத்தினுள் புகுந்து வீரர்களை மீட்டதற்காக 1946-இல் அரசு விருது பெற்றார். ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் முறையையும் அந்நாளில் அறிந்திருந்தார்.

1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியரானார். பெண்களின் வயிற்றில் தோன்றும் கட்டி திடமானதா, நீர் நிறைந்ததா என்று கத்தி வைக்காமல் அறிய அந்நாளில் எளிய வழி இல்லை. கடலில் பயன்பட்ட எதிரொலி உடலிலும் பயன்படாதா என்று அவர் சிந்தித்தார். 1955 ஜூலை 21 அன்று, அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். உலோகத்தில் விரிசல் காணும் அங்குள்ள கருவி, திடக்கட்டிக்கும் நீர்க்கட்டிக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாகக் காட்டியது!

டாம் பிரவுன் என்னும் இளம் பொறியியலாளரும், டாக்டர் ஜான் மக்விகாரும் துணை நின்றனர். ஏளனம் செய்தோரும் இருந்தனர். அந்நிலையில், தீராத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்மணி ஒருவரைக் கருவி கொண்டு சோதித்தபோது, அது சினைப்பையில் வளர்ந்த நீர்க்கட்டி எனத் தெரிந்தது. அறுவை செய்து அகற்றினர், அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7 அன்று இம்மூவரின் கட்டுரை 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று.

இன்று நாம் ஸ்கேனுக்குச் செல்லும்போது நடப்பவற்றுள் பல அக்குழுவினர் கண்ட பாடங்களே. தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உட்புகாது. எனவே அவர்கள் ஆலிவ் எண்ணெய் தடவினர். நமக்குக் குளிர்ச்சியான பசை தடவுகின்றனர். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை நன்கு தெரியும் என்று 1963-இல் டொனால்ட் கண்டார். அதனால்தான் அடிவயிற்றுச் சோதனைக்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கின்றனர். மேல்வயிற்றுச் சோதனைக்கோ சில மணி நேரம் உண்ணாமல் வரச் சொல்வதுண்டு. கட்டிலில் படுத்திருப்போம், சிறு கருவியை வயிற்றின் மேல் மெல்ல நகர்த்துவர், சில வேளை மூச்சைப் பிடிக்கச் சொல்வர். ஊசியும் இல்லை, எக்ஸ்-கதிரும் இல்லை. சற்றே அழுத்தம் தோன்றலாம். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். முடிவை டாக்டர் விளக்கும்வரை பொறுமையாக இருப்பதே நலம்.

இதய நோயால் பன்முறை அறுவைக்கு உள்ளான டொனால்ட், நோயாளியின் அச்சத்தைத் தாமே அனுபவித்து அறிந்தவர். 1976-இல் ஓய்வு பெற்று, 1987 ஜூன் 19 அன்று மறைந்தார்.

தாயையும் சேயையும் காக்கப் பிறந்த இக்கருவியைக் கொண்டே, பெண் சிசு என்றறிந்து கருவில் அழிக்கும் கொடுமை நம் நாட்டில் பரவியது. அதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா எனக் கேட்பதும் சொல்வதும் குற்றமாகும். மாணவிகளே! நாளை நாம் மருத்துவராகவோ தாயாகவோ அந்தத் திரையின் முன் இருப்போம். அங்கே தெரிவது உயிர் என்பதை மறவாதிருப்போம்.