குர்ஆனைச் சீனத்தில் தந்த முஹம்மது மக்கீன்

சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் வீடுகளில் சுப்ஹுக்குப் பின் குர்ஆனை விரிக்கிறோம். அரபி மூலத்தின் பக்கத்திலேயே தமிழ் தர்ஜமாவும் இருக்கிறது. இது எத்தகைய நிஃமத் என்பதை உணரச் சீன தேசத்து ஆலிம் ஒருவரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அவர்கள்தாம் முஹம்மது மக்கீன். சீனப் பெயர் மா ஜியான்.

1906ல் யூனான் மாகாணத்தில் ஷாதியான் என்னும் முஸ்லிம் கிராமத்தில் பிறந்தார்கள். 1931ல் சீனாவிலிருந்து அல்-அஸ்ஹருக்குச் சென்ற முதல் மாணவர் குழுவோடு கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்தபோது கன்பூஷியஸின் போதனைகளை அரபியிலும், ஷைக் முஹம்மது அப்துஹுவின் தவ்ஹீது நூலைச் சீனத்திலும் பெயர்த்தார்கள். 1939ல் தாயகம் திரும்பினார்கள். குர்ஆனைப் பாமரருக்கும் விளங்கும் சீனத்தில் தருவதையே தம் வாழ்வின் வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

1946ல் பீகிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அரபிக் கல்விக்கு அங்கே அடித்தளமிட்டார்கள். 1949ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. இறைவன் இல்லை என்று சொல்லும் கட்சியின் கையில் பள்ளிக்கூடமும் அச்சகமும் பத்திரிகையும் போயின. அந்த ஆண்டின் கடைசியில்தான் தர்ஜமாவின் முதல் எட்டு ஜுஸ்உக்கள் வெளிவந்தன.

இப்படிப்பட்ட ஆட்சியில் ஒரு முஃமின் என்ன செய்வது? அவர்கள் நாட்டை விட்டுப் போகவில்லை. அரசாங்கத்தோடு மோதவுமில்லை. பிரதமர் சூ என்லாய் அரபு நாட்டாரோடு பேசும்போது மொழிபெயர்த்தார்கள். 1953ல் சீன இஸ்லாமியச் சங்கம் அமைய உழைத்தவர்களில் ஒருவராயிருந்தார்கள். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் வாளைக் காட்டி மார்க்கத்தைப் பரப்பினார்கள் என்ற பழிச்சொல்லைக் கண்டபோது வாளாவிருக்கவில்லை. 1951லேயே பத்திரிகையில் மறுப்பெழுதினார்கள். பதவி தந்த மதிப்பை மார்க்கத்தின் மானம் காக்கச் செலவிட்டார்கள்.

அவர்கள் உழைப்பில் உருவான அரபி-சீன அகராதி 1966ல் வெளிவந்தது. அதே ஆண்டில் கலாச்சாரப் புரட்சி மூண்டது. பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன, கிதாபுகள் கொளுத்தப்பட்டன. 1975ல் பிறந்த ஊராகிய ஷாதியானிலேயே பேரிடி விழுந்தது. மூடிய பள்ளிவாசலைத் திறந்து தொழ உரிமை கேட்ட மக்கள்மீது ராணுவம் பாய்ந்தது. அங்கும் அக்கம்பக்கத்து ஊர்களிலுமாக 1,600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மக்கள் குற்றமற்றவர்கள் என்று கட்சியே ஒப்புக்கொண்டது 1979ல். அதைக் கேட்க மக்கீன் அவர்கள் இல்லை. 1978 ஆகஸ்ட் 16ல் வஃபாத்தாகிவிட்டார்கள்.

முழுத் தர்ஜமாவும் அச்சேறியதையும் அவர்கள் பார்க்கவில்லை. அது 1981ல் பீகிங்கில் வெளியாயிற்று. 1987ல் மதீனாவின் மன்னர் ஃபஹ்து அச்சகம் அதை அரபி மூலத்தோடு பதிப்பித்தது. இன்று சீன முஸ்லிம்களிடையே பெரிதும் புழங்கும் தர்ஜமாக்களில் அதுவும் ஒன்று.

வாசக நேயர்களே! காலம் கெட்டுவிட்டது, சூழ்நிலை சரியில்லை என்று நாம் எத்தனை நற்காரியங்களைத் தள்ளிப்போடுகிறோம்! மக்கீன் அவர்கள் தமக்கு வாய்த்த ஆட்சியைத் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. அதன் கீழ் தாம் செய்யவேண்டிய வேலையைத் தேர்ந்துகொண்டார்கள். பலன் தம் கண்ணுக்குத் தெரியுமா என்று பாராமல் அதிலேயே ஆயுளைச் செலவிட்டார்கள். நம் பள்ளிவாசல்களில் ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிறது, தர்ஜமா அலமாரியில் இருக்கிறது. இன்று மஃரிபுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒரு பக்கமாவது பொருளோடு ஓதுவோமாக. அதற்கு அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.