அமீருல் பஹ்ர் செங் ஹோ

கப்பம் என்றதும் பலவான் மிரட்ட, எளியவன் நடுங்கிக்கொண்டு கொண்டுபோய் வைக்கும் பண முடிப்புத்தான் நம் நினைவுக்கு வருகிறது. சரித்திரத்தில் பெரும்பாலும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால், கொடுத்தவன் கொடுத்ததைவிட அதிகம் பெற்றுத் திரும்பிய கப்பமும் உண்டு. அதைக் கடல்மேல் நடத்திக் காட்டிய தளபதி ஒரு முஸ்லிம். செங் ஹோ என்னும் அப்பெரியாரின் வரலாற்றை நம் வணிகச் சகோதரர்கள் அறிந்திருப்பது நலமென்று கருதிச் சுருக்கமாகத் தருகிறோம்.

அன்னார் கி.பி. 1371-ல் சீனாவின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் மா. பாட்டனாரும் தகப்பனாரும் ஹாஜி என்று மரியாதையுடன் அழைக்கப்பட்டவர்கள். யுன்னான் அப்போது மங்கோலியர் வசம் இருந்தது. 1381-ல் மிங் அரசின் படை அதன்மேல் பாய்ந்தது. அந்தப் போர்க்காலத்தில் தகப்பனார் மெளத்தானார். சிறுவரோ சிறைபிடிக்கப்பட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, சக்கரவர்த்தியின் மகன் சூ டி என்ற இளவரசரிடம் ஊழியத்துக்கு விடப்பட்டார். வென்றவன் தோற்றவனிடம் பறிப்பது பொன்னும் பொருளும் மட்டுமல்ல, பெற்ற பிள்ளையையும்தான் என்பதற்கு அவரே சாட்சி.

இத்தனை துன்பத்திலும் அவர் மனம் உடையவில்லை. இளவரசரின் போர்களில் பக்கபலமாக நின்றார். 1402-ல் இளவரசர் தம் அண்ணன் மகனை வீழ்த்தி, யோங்லே சக்கரவர்த்தியாக அரியணை ஏறினார். 1404-ல் தம் ஊழியருக்குச் செங் என்ற பெயரைச் சூட்டினார். மறு வருடமே அவரைப் பெருங்கப்பற்படைக்குத் தலைவராக்கினார். 1405 முதல் 1433 வரை ஏழு பிரயாணங்கள். முதற் பிரயாணத்தில் மட்டும் 27,000 பேருக்கு மேல் சென்றனர் என்று சீனப் பதிவுகள் கூறுகின்றன. ஜாவா, சுமத்ரா, மலாக்கா, இலங்கை, கொச்சி, கள்ளிக்கோட்டை, பிறகு ஹோர்முஸ், ஏடன், ஆப்பிரிக்காவின் கீழைக்கரை வரை அக்கப்பல்கள் சென்றன. மொழிபெயர்ப்பாளராக உடன்சென்று, கண்டவற்றை நூலாக எழுதிவைத்த மா ஹுவான் என்பவரும் முஸ்லிமே.

கப்பம் நடந்த விதத்தை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். கப்பல்கள் பட்டும் பீங்கானும் சுமந்து சென்றன. அந்தந்த நாட்டு அரசர்களுக்குச் சக்கரவர்த்தியின் பெயரால் அவை வெகுமதியாக வழங்கப்பட்டன. அரசர்கள் தம் நாட்டுப் பொருள்களைத் தூதர் மூலம் அனுப்பிச் சக்கரவர்த்தியைப் பெரியவராக ஒப்புக்கொண்டார்கள். சீனாவின் தனி வியாபாரிகள் கடல் கடந்து வாணிபம் செய்ய அக்காலத்தில் தடை இருந்தது. ஆகையால் அந்நிய நாட்டுச் சரக்கு முறைப்படி உள்ளே போகக் கப்பத் தூது ஒன்றே வாசல். வியாபாரத்துக்கு வாங்கும் லைசென்ஸ் போலக் கப்பம் இருந்தது எனலாம்.

இதனால் பெரும் பயன் அடைந்தது நம் மலாக்கா. அது முன்னர் ஆண்டுதோறும் 40 தாயல் பொன்னைச் சயாமுக்குக் கட்டி வந்தது. கட்டத் தவறினால் படையெடுப்பு வரும். 1409-ல் செங் ஹோ சக்கரவர்த்தியின் முத்திரையைக் கொண்டுவந்து மலாக்காவைத் தனி ராஜ்யமாக நிலைநிறுத்தினார். 1411-ல் அரசர் பரமேஸ்வரா மனைவி மக்களோடும் 540 பேருக்கு மேற்பட்ட பரிவாரத்தோடும் சீனா சென்று திரும்பினார். சீனக் கப்பல்களின் சரக்குகளை இருப்பு வைக்க மலாக்காவில் வேலி கட்டிய கிட்டங்கிகளும் எழுந்தன. ஒருவனுக்கு அஞ்சிக் கட்டிய கப்பத்திலிருந்து தப்ப, மற்றொருவனுக்கு மரியாதைக்காகக் கட்டும் கப்பத்தை மலாக்கா தேர்ந்துகொண்டது.

எல்லாம் அன்பினாலேயே நடந்தது என்று நாம் சொல்லவில்லை. 1407-ல் பலெம்பாங்கின் கடற்கொள்ளைத் தலைவன் பிடிபட்டுச் சீனாவில் மரண தண்டனை பெற்றான். 1411-ல் இலங்கையில் எதிர்த்த அழகேசுவரன் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டு, பிறகு சக்கரவர்த்தியால் விடுவிக்கப்பட்டான். ஒரு கையில் வெகுமதி இருந்தாலும் மறு கையில் வாளும் இருந்தது.

அதே இலங்கையில் அவர் வைத்த கல்வெட்டு ஒன்று 1911-ல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பார்சி ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும் செலுத்திய காணிக்கையைக் கூறுகிறது. பார்சிப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்றிலும் காணிக்கை ஏறத்தாழ ஒரே அளவு. யாருக்கும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அக்காலக் கடல் வாணிபத்தில் நம் தமிழுக்கு இருந்த மதிப்பையும் அக்கல் காட்டுகிறது.

1424-ல் யோங்லே இறந்தார். புதுத் தலைநகரம், மங்கோலியப் போர், கப்பற் பிரயாணம் என்று பொக்கிஷம் கரைந்திருந்தது. அடுத்து வந்தவர் பிரயாணங்களை நிறுத்தினார். செங் ஹோ நான்ஜிங் நகரக் காவலுக்கு அமர்த்தப்பட்டார். 1431-ல் புறப்பட்டு 1433-ல் முடிந்த ஏழாவது பிரயாணமே அவருடைய கடைசிப் பிரயாணம். அதன்பின் அத்தகைய கப்பற்படை சீனாவிலிருந்து புறப்படவே இல்லை.

வரவைவிடச் செலவு மிகுந்த கணக்கு எத்தனை காலம் ஓடும்? சக்கரவர்த்தியின் பொக்கிஷத்தை நம்பிய கப்பம் அந்தப் பொக்கிஷத்தோடு நின்றது. ஆனால் அந்த ஆதரவில் தலைநிமிர்ந்த மலாக்காத் துறைமுகம், 1511-ல் போர்த்துக்கீசியர் வரும்வரை பல தேசத்து வணிகரும் கூடும் சந்தையாகச் செழித்தது. கொடுப்பவனின் மானம் கெடாமல் வாங்குகிறவனே நெடுநாள் நினைக்கப்படுகிறான். அடிமையாகப் பிடிபட்ட ஒரு முஸ்லிம் சிறுவரின் வாழ்விலிருந்து கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.