19 அடி நீள பனோரமா: யார் இந்த லின்னேயஸ் ட்ரைப்?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்பு செல்போனை மெல்லச் சுழற்றினால் பனோரமா ரெடி. 1858-ல் கதையே வேற. கிழக்கிந்திய கம்பெனி ராணுவத்தின் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் (1822–1902) அப்போது சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! தள்ளி நின்றால் வெறும் கல்வரிசை. கிட்டப் போனால்தான் எழுத்துகள் தெரியும்.

அவரது மற்ற படங்களில் வானத்தை ஜூம் செய்து பாருங்க. சில மேகங்கள் அவரே நெகட்டிவில் தீட்டியவை!

1859-ல் வந்த ஆளுநர் ட்ரெவல்யன், செலவு அதிகம்னு திட்டத்துக்கே தடை போட்டார். அடுத்த வருடம் எல்லாம் மூட்டை கட்டப்பட்டது. ட்ரைப்புக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. அதன்பிறகு அவர் கேமராவைத் தொட்டதே அபூர்வம்.