செல்ஃப் எடுக்க வைத்த மாமேதை



சாவியைத் திருப்புகிறோம், வண்டி ஸ்டார்ட் ஆகிறது. என்றைக்காவது செல்ஃப் எடுக்காமல் மக்கர் பண்ணும்போதுதான் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒன்று இருப்பதே நமக்கு ஞாபகம் வரும். அதை உருவாக்கியவர் யார் என்று எங்கள் செட்டில் கேட்டுப் பார்த்தேன். ஃபோர்டு என்றான் ஒருத்தன், எடிசன் என்றான் இன்னொருத்தன். இரண்டும் தப்பு. அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங்.

1876 ஆகஸ்ட் 29-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லௌடன்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கெட்டரிங். பள்ளிப் படிப்பு முடித்ததும் கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். பிறகு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். ஆனால் சிறு வயதிலிருந்தே அவருக்குக் கண் சரியில்லை. புத்தகம் படித்தால் தலைவலி. படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? டெலிபோன் கம்பெனியில் லைன் போடுகிற ஆட்களோடு வேலைக்குப் போனார். குழி தோண்டிக் கம்பம் நட்டார், கம்பி இழுத்தார். கண் கொஞ்சம் தேறியதும் மறுபடி கல்லூரிக்கு வந்து, 1904-ல் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்கள் மாதிரி வீடுகளில் ஒரு வருஷம் படிப்பு நின்றால் இனி இவன் அவ்வளவுதான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். அரியர் வைத்தவனையும், பீஸ் கட்ட முடியாமல் நின்றுபோனவனையும் நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்? கம்பம் நட்ட அந்த நாட்களும் கெட்டரிங்குக்குப் படிப்பாகத்தான் இருந்தன.

பட்டம் வாங்கியதும் டேடன் நகரில் கேஷ் ரெஜிஸ்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். கடைக் கல்லாவில் வைக்கும் அந்த இயந்திரத்தை அதுவரை கையால்தான் இயக்கினார்கள். கெட்டரிங் அதற்குள் ஒரு குட்டி மின்மோட்டாரைப் பொருத்தினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே, பின்னால் வேண்டியிருக்கும்.

எட்வர்டு டீட்ஸ் என்ற சக அதிகாரியின் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை இருந்தது. பகலில் கம்பெனி வேலை, இரவில் கொட்டகையில் நண்பர்களோடு ஆராய்ச்சி. 1909-ல் அங்கே பிறந்ததுதான் டெல்கோ நிறுவனம். முதலில் பேட்டரி, காயில், கான்டாக்ட் பாயிண்ட் வைத்து ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷனைச் செய்தார்கள். பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் உயர் மின்னழுத்தம் பிறந்து பிளக்கில் தீப்பொறி பாயும். நம் பாடப் புத்தகங்களில் கெட்டரிங் இக்னிஷன் என்று வருவது இதுதான். காடிலாக் கார் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்ட் அதை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் வண்டியை ஸ்டார்ட் பண்ண முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். ஸ்பார்க் முந்திவிட்டால் பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் பெட்ரோல் எரிந்து, இன்ஜின் பின்னோக்கித் திரும்பும். ஹேண்டில் ரிவர்ஸ் அடிக்கும். மணிக்கட்டு, தோள், தாடை எது கிடைத்தாலும் உடைத்துவிடும். லேலண்டுக்குத் தெரிந்த ஒருவர் இப்படி அடிபட்டு இறந்துபோக, இனி என் காரில் ஹேண்டிலே கூடாது என்று அவர் முடிவெடுத்ததாகச் சொல்வார்கள்.

அழுத்திய காற்று, ஸ்பிரிங் என்று பலரும் முயன்றிருந்தார்கள். மின்மோட்டார் சரிப்படாது என்பது அன்றைய நிபுணர்கள் கணக்கு. இன்ஜினைச் சுற்றும் சக்தி வேண்டுமென்றால் மோட்டாரே இன்ஜின் அளவு இருக்க வேண்டுமே! நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஸ்டார்ட்டர் ஓட வேண்டியது சில செகண்டுதானே? கல்லா மோட்டாரும் அப்படித்தான்: ஒரு நொடி முழு மூச்சில் இழுக்கும், பிறகு ஓய்வெடுக்கும், சூடு தணியும். அதே சூத்திரத்தை இங்கே போட்டார் கெட்டரிங். ஸ்டார்ட் ஆனதும் அதே இயந்திரம் டைனமோவாக மாறி பேட்டரியை சார்ஜ் செய்யும்படியும் வைத்தார். 1911 பிப்ரவரியில் காடிலாக் காரில் ஓட்டிக் காட்டினார். 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் வந்துவிட்டது. ஹேண்டிலுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த பெண்களும் வயதானவர்களும் தைரியமாக ஸ்டியரிங் பிடித்தார்கள்.

நமக்கு இதில் லேப் பாடமும் இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கென்று பிறந்த மோட்டார் அது. வண்டி எடுக்கவில்லை என்று விடாமல் செல்ஃப் அடித்தால் மோட்டாரும் போகும், பேட்டரியும் இறங்கும். பத்து செகண்டுக்கு மேல் அடிக்காமல், அரை நிமிஷம் விட்டு மறுபடி பாருங்கள். சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்கினால் முதலில் பேட்டரியையும் டெர்மினலில் பூத்திருக்கும் உப்பையும் பாருங்கள். டிக் என்று சத்தம் மட்டும் வந்தால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில் சாலினாய்டு பக்கம் போங்கள். மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றினால் பினியன் பல் ரிங் கியரில் விழவில்லை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? ஸ்பார்க், பெட்ரோல் இரண்டையும் சோதியுங்கள். எடுத்த எடுப்பில் பார்ட்டை மாற்றுவது மெக்கானிக் வேலை ஆகாது.

அவர் வாழ்க்கையில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. மலர்க் கட்டுரை என்பதற்காக அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. இன்ஜின் தட்டுவதற்கு, அதாவது நாக்கிங்குக்கு, அவருடைய இக்னிஷன்தான் காரணம் என்று பழி வந்தது. கோளாறு எரிபொருளில்தான் என்று அவர் குழு நிரூபித்தது. 1921-ல் அவர் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து நாக்கிங்கை நிறுத்தினார். ஆனால் ஈயம் விஷம். 1924-ல் நியூ ஜெர்சி ஆலையில் 5 தொழிலாளர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் விற்பனை தொடர்ந்தது. இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000-ல்தான் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. இன்ஜின் கோளாறு தீர்ந்தது, கேடு காற்றில் கலந்தது.

1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தார் கெட்டரிங். 1945-ல் நியூயார்க்கில் தொடங்கிய புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ஸ்லோன், கெட்டரிங் இருவர் பெயரையும் தாங்கியது. 1958 நவம்பர் 25-ல் டேடனில் காலமானார். 1998 முதல் ஃப்ளின்ட் நகரில் ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரில் இயங்குகிறது.

நண்பர்களே! நாளை நாம் ஒர்க்‌ஷாப்பிலோ கம்பெனியிலோ நிற்போம். முடியாது என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் முடியாது என்று கேட்போம். முடித்துவிட்டேன் என்று நாமே சொல்லும்போது, அதனால் யாருக்குக் கெடுதல் என்றும் கேட்போம். முதல் கேள்வியைக் கேட்டதால் கெட்டரிங் மாமேதை ஆனார். இரண்டாவதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாம் இரண்டையும் கேட்போமாக!