சொட்டு எண்ணெய்க்கும் கணக்குப் பார்த்தவர்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ரெயில் நிலையத்தின் வாசலில் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும். டிரைவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். புதிதாக ஒரு சின்ன டீசல் கார் வரிசையில் வந்து நின்றால் போதும், எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். விலையை யாரும் கேட்பதில்லை. லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

விளம்பரத்தில் 28 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். ஓட்டுகிறவர் 20 வந்தால் பெரிது என்பார். மெஜஸ்டிக் நெரிசலில் மாட்டிக்கொண்டால் 16 கூட வராது என்பார் இன்னொருவர். அந்த வித்தியாசம்தான் அவர்கள் வீட்டு அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும்.

டீசல் என்றால் ஓர் எண்ணெயின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். காகிதத்தில் போட்ட கணக்குக்கும், ஓடுகிற என்ஜின் காட்டுகிற கணக்குக்கும் நடுவே கிடந்து போராடியவர் அவர். அவருடைய கதை இது.

பாரீசில் பிறந்தார்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரீசில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். பிழைப்புக்காகப் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தை புத்தகம் பைண்டு செய்பவர். தோல் பொருட்களும் செய்து விற்றார். அவர் செய்த சரக்கைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கைக்காரர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை.

1870-ம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரீசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே சாப்பாட்டுக்கே கஷ்டம். 12 வயதுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பிவைத்தார்கள். அந்த உறவினர் தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார்.

பிறந்த நாடும் சொந்த ஊரும் வெவ்வேறாகப் போனவர்களின் வேதனை, வெளி மாநிலத்தில் வாழும் நமக்குப் புதிதல்ல. பையன் அதையெல்லாம் படிப்பில் மறந்தான். என்ஜினீயர் ஆவது என்று 14-வது வயதிலேயே தீர்மானித்துப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

பேராசிரியர் சொன்ன கணக்கு

உதவித்தொகை பெற்று மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்தியவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதனத் தொழிலில் பெரும் பெயர் எடுத்த விஞ்ஞானி.

நீராவி என்ஜின் தன்னிடம் கொட்டப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று ஒரு நாள் வகுப்பில் லிண்டே விளக்கினார். அதாவது நூறு ரூபாய்க்குக் கரி வாங்கினால் தொண்ணூறு ரூபாய் புகைபோக்கி வழியாகவும் மற்ற வழிகளிலும் போய்விடுகிறது.

மற்ற மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டு எழுந்து போனார்கள். டீசலால் முடியவில்லை. அந்தத் தொண்ணூறு ரூபாய் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை மீட்கும் என்ஜினை உண்டாக்க வேண்டும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தார்.

1879-ல் இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். 1880-ம் ஆண்டு ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். லிண்டேயே அவருக்குப் பாரீசில் ஐஸ் எந்திர வேலை கொடுத்தார். பகலில் சம்பளத்துக்கு வேலை, இரவில் சொந்த ஆராய்ச்சி என்று பத்து ஆண்டுகள் போயின. அம்மோனியா ஆவியில் ஓடும் என்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தார். பலிக்கவில்லை.

சைக்கிள் பம்பு சொல்லும் பாடம்

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு முறை அழுத்தினால் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். டீசலின் தத்துவம் இதில்தான் இருக்கிறது.

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளையும் காற்றையும் முன்பே கலந்து, அழுத்தி, மின்பொறியால் கொளுத்துகிறார்கள். அதிகமாக அழுத்தினால் கலவை நேரம் கெட்டுத் தானாக வெடித்துவிடும். ஆகவே ஓரளவுக்கு மேல் அழுத்த முடியாது. டீசல் என்ன செய்தார்? காற்றை மட்டும் தனியாக அழுத்தினார். அது நெருப்பாய்க் கொதிக்கும் நேரத்தில் எண்ணெயை உள்ளே தெளித்தார். பொறி தேவைப்படவில்லை, எண்ணெய் தானே பற்றிக்கொண்டது. எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு அதிகமாக வெப்பம் வேலையாக மாறும்.

1892-ம் ஆண்டு பிப்ரவரியில் காப்புரிமைக்கு மனுச் செய்தார். மறு ஆண்டு அது கிடைத்தது. தத்துவத்தை விளக்கிப் புத்தகமும் வெளியிட்டார். ஏட்டுக் கணக்குப்படி எழுபது சதவீதத்துக்கு மேல் வெப்பம் வேலையாக மாற முடியும் என்று அதில் காட்டியிருந்தார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையும் பெரும் முதலாளிகளான க்ரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன.

நான்கு ஆண்டுப் போராட்டம்

1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி முதல் என்ஜினுக்குள் எண்ணெய் செலுத்தப்பட்டது. ஒரே ஒரு வெடி. அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. அருகில் நின்றவர்கள் தப்பியது அதிர்ஷ்டம். என்ஜின் ஓடவில்லை. ஆனால் டீசல் மகிழ்ந்தார். பொறி இல்லாமல் எண்ணெய் பற்றிக்கொண்டதே!

1894-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி என்ஜின் முதன்முறையாகத் தன் சக்தியில் சுழன்றது. ஓடியது ஒரு நிமிடம்தான். பக்கத்தில் நின்ற தொழிலாளி ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்தாராம்.

புத்தகத்தில் எழுதிய பிரமாண்டமான அழுத்தம் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. எரியும் முறையையும் மாற்ற வேண்டியதாயிற்று. டீசல் தன் கணக்கை ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

1897-ம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு நாள் வந்தது. சுமார் 20 குதிரைச் சக்தி கொண்ட, ஆளைவிட உயரமான ஒற்றை சிலிண்டர் என்ஜினை மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தார். ஊற்றிய மண்ணெண்ணெயை எடை போட்டார்கள். என்ஜின் தந்த சக்தியைப் பிரேக் போட்டு அளந்தார்கள். ஒரு குதிரைச் சக்தியை ஒரு மணி நேரத்துக்குத் தர 238 கிராம் எண்ணெய் செலவாயிற்று. கணக்குப் பார்த்தால் 26.2 சதவீதம்!

ஏட்டில் எழுபதுக்கு மேல், கையில் இருபத்தாறு. இது தோல்வியா? இல்லை. அன்றைக்கு உலகில் இருந்த எந்த என்ஜினும் அந்த இருபத்தாறைத் தொட்டதில்லை.

பணம் வந்தது, நிம்மதி போனது

உலகமே அவர் வாசலுக்கு வந்தது. அமெரிக்க பீர் கோடீஸ்வரர் அடால்பஸ் புஷ் அமெரிக்க உரிமையைப் பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1900-ம் ஆண்டு பாரீஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. மியூனிக்கில் அரண்மனை போன்ற மாளிகை கட்டினார் டீசல்.

ஆனால் சோதனைச் சாலையில் ஒழுங்காக ஓடிய என்ஜின், வாங்கியவர்களின் தொழிற்சாலையில் அடிக்கடி மக்கர் செய்தது. புகார்கள் குவிந்தன. காப்புரிமையில் எழுதியது ஒன்று, ஓடுவது வேறொன்று என்று எதிரிகள் வழக்காடினார்கள். மனம் தளர்ந்து மருத்துவ விடுதியில் தங்கும் நிலைக்கு ஆளானார். நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்ட பணம் கரைந்தது. ஒரு கிராம் எண்ணெய்க்குக் கணக்குக் கேட்டவர் தன் பணப்பெட்டிக்குக் கணக்குப் பார்க்கவில்லை.

என்ஜின் மட்டும் முன்னேறியது. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் என்ஜினோடு கோபன்ஹேகனில் இருந்து பாங்காக் வரை சென்றது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் டீசல் ரெயில் என்ஜின் ஒன்றும் ஓடியது. அது நிலைக்கவில்லை. லாரிக்காகச் செய்த சின்ன என்ஜினும் எடுபடவில்லை. காரணம், எண்ணெயை உள்ளே தெளிக்க அன்று அழுத்திய காற்று வேண்டும். அந்தக் காற்றை உண்டாக்கும் கம்ப்ரெசரே ஒரு பெரும் பாரம்.

கப்பலில் மறைந்தார்

1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி மாலை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து செல்ல டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார் டீசல். அது ஓர் ஆங்கிலேய ரெயில்வே கம்பெனிக்குச் சொந்தமான நீராவிக் கப்பல். நண்பர்கள் இருவருடன் இரவு உணவு அருந்தினார். காலை 6.15 மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டு இரவு 10 மணி அளவில் அறைக்குச் சென்றார்.

காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. கடிகாரம் படுக்கையில் இருந்து பார்த்தால் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. மேல்தளத்தில் அவருடைய தொப்பியும் மடித்து வைத்த மேல்கோட்டும் கிடந்தன.

பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் மிதந்த ஓர் உடலைக் கண்டார்கள். சட்டைப் பைகளில் இருந்த சில பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி போன்ற அந்தப் பொருட்களை மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். அப்போது டீசலுக்கு வயது 55.

புறப்படும் முன் மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே ரொக்கப் பணம், வங்கிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று காட்டும் காகிதங்கள். கடனோ தலைக்கு மேல். கொலை என்று வதந்திகள் கிளம்பின. தற்கொலை என்றே பலரும் கருதினார்கள். நீராவியை வெல்ல வாழ்ந்தவர் நீராவிக் கப்பலில் இருந்து மறைந்தார்.

சின்னக் காருக்கு வந்தது

கம்ப்ரெசர் பாரத்தைப் பிறர் இறக்கிவைத்தார்கள். 1927-ல் பாஷ் கம்பெனி எண்ணெயை நேரடியாகத் தெளிக்கும் பம்பைத் தொழில்முறையில் தயாரித்தது. 1936-ல் மெர்சிடஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. விரும்பி வாங்கியவர்கள் டாக்சிக்காரர்கள்தான்! 1976-ல் வோக்ஸ்வாகன் கோல்ப் காரில் ஒன்றரை லிட்டர் டீசல் என்ஜின் பொருத்தப்பட்டது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தது. நம் நாட்டில் அம்பாசடர் டீசல், 1998-ல் வந்த டாடா இண்டிகா எல்லாம் அதன் பின்னே வந்தவை.

டீசல் கார் சிக்கனமாக இருக்க மூன்று காரணங்கள். முதலாவது, அதிக அழுத்தம். இரண்டாவது, வேகம் குறைவாகப் போகும்போது பெட்ரோல் என்ஜினின் மூச்சுக் குழாயை அடைப்பதுபோல் இதில் அடைப்பதில்லை. எண்ணெயை மட்டும் குறைக்கிறார்கள். மூன்றாவது, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிக வெப்பம் இருக்கிறது.

ஆனால் காகிதக் கணக்கும் சாலைக் கணக்கும் இன்றும் ஒன்றாகவில்லை. சோதனைக் கூடத்தில் எதிர்க்காற்று கிடையாது, குண்டும் குழியும் கிடையாது, ஹெப்பால் மேம்பாலமும் கிடையாது. 2015-ல் வோக்ஸ்வாகன் கம்பெனி தன் டீசல் கார்களில், சோதனையின்போது மட்டும் நச்சுப்புகையைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தை வைத்திருந்தது அம்பலமாயிற்று. கட்டுப்பாடுகள் இறுகின. 2020-ல் மாருதி கம்பெனி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது.

நீங்களே அளந்து பாருங்கள்

இருக்கிற வண்டியின் உண்மையான மைலேஜை அறிய ஒரே வழிதான். ஒரு பங்கில், பம்பு தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்கில், அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். டயரில் காற்றைச் சரியாக வைத்து, சிக்னலில் என்ஜினை நிறுத்தி, நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டாமல் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் உங்கள் நோட்டிலேயே தெரியும்.

1897-ல் ஆக்ஸ்பர்க்கில் நடந்ததும் இதுதான். ஊற்றியதை எடை போட்டார்கள், கிடைத்ததை அளந்தார்கள், வந்த எண்ணை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். எழுபதை எழுதியவர் இருபத்தாறை ஒப்புக்கொண்டதால்தான் அந்த என்ஜின் பிழைத்தது. அதே நேர்மையோடு தன் வரவு செலவையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்திருந்தால், டீசலும் பிழைத்திருப்பாரோ என்னவோ.