பாதாள லிங்கத்தில் புழுத்த புண்கள்: 16 வயது வேங்கடராமனை திருவண்ணாமலை எப்படிக் காப்பாற்றியது?

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள், ராஜகோபுரம் தாண்டியதும் வலது பக்கம் இருக்கும் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு நிமிடம் நிற்பார்கள். அதற்குள் கீழே இறங்கும் படிகள். இறங்கினால் பாதாள லிங்கம். ரமண மகரிஷி தவம் செய்த இடம் என்று சொல்லிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஆனால் 1896-ல் அங்கே இருந்தவர் மகரிஷி இல்லை. வீட்டை விட்டு ஓடி வந்த 16 வயதுப் பையன். பெயர் வேங்கடராமன். முன்பின் தெரியாத ஊர். கையில் காசு இல்லை, வீட்டுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. தொடை முழுக்கப் புண்ணாகி, ரத்தமும் சீழுமாக வழிந்துகொண்டிருந்த நிலையில்தான் அந்தப் பையனை வெளியே தூக்கி வந்தார்கள். அந்தக் காயத்தோடு அவர் எப்படிப் பிழைத்தார்?

யார் இந்த வேங்கடராமன்?

இன்றைய விருதுநகர் மாவட்டம் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர். அப்பா சுந்தரம் ஐயர் அந்த ஊர் வக்கீல். அம்மா அழகம்மாள். அப்பா 1892-ல் இறந்துவிட, அண்ணன் நாகசாமியோடு மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு.

படிப்பில் சுமார்தான். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்றால் முன்னால் நிற்பார். நல்ல உடல்வாகு. ஆனால் தூங்கிவிட்டால் அடித்தாலும் தெரியாது. நேரில் மோத பயந்த பையன்கள், அவர் தூங்கும்போது வெளியே தூக்கிக்கொண்டு போய் ஆசை தீர அடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களாம். காலையில் அவருக்கு ஒன்றுமே தெரியாது. இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அடுத்து நடந்ததைப் படித்த பிறகு இதையே வேறு மாதிரி யோசிக்கத் தோன்றும்.

1896 ஜூலையில், உடம்பில் எந்த நோயும் இல்லாத அந்தப் பையனைத் திடீரென மரண பயம் பிடித்தது. செத்தவர் போலவே படுத்து, உடம்பு போனால் மிச்சம் இருப்பது எது என்று தனக்குள் பார்த்தார். அதன் பிறகு பள்ளி, விளையாட்டு எதிலும் மனம் ஒட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னபோதுதான், அப்படி ஓர் ஊர் நிஜமாகவே பூமியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவந்தது.

மூன்று ரூபாயில் ஒரு பயணம்

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதி வரச் சொல்லி ஆசிரியர் தண்டனை கொடுத்திருந்தார். எழுத உட்கார்ந்தவர் நடுவிலேயே நோட்டை மூடிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்கிற மாதிரி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டு தம்பி எழுந்துவிட்டார். போகிற வழியில் தன் காலேஜ் பீஸைக் கட்டச் சொல்லி, பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் தன்னைத் தேட வேண்டாம் என்று ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுக் கிளம்பினார் வேங்கடராமன். கடிதத்தில் எங்கே போகிறார் என்பது இல்லை. கையெழுத்தும் இல்லை.

பழைய அட்லஸைப் பார்த்து திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். விழுப்புரத்தில் இறங்கிச் சாப்பிட்டார். ஓட்டல்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். மீதி இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை.

சுமார் பத்து மைல் நடந்து அறையணிநல்லூர் கோயில், அடுத்து கீழூர். பசியில் மயக்கமே வந்துவிட்டது. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சோறு போட்டார்கள். அன்றைக்கு கோகுலாஷ்டமி. காதில் கிடந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டார். கடுக்கனை மீட்பதற்காக பாகவதர் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டை, வெளியே வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 1 காலை ரயிலில் திருவண்ணாமலை. கோயிலுக்குள் போய் வந்ததும், பாகவதர் வீட்டில் கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலத்தை அய்யங்குளத்தில் வீசினார். தலையை மழித்துக்கொண்டார். மிச்சமிருந்த மூன்றரை ரூபாயும் போனது. வேட்டியைக் கிழித்து ஒரு கோவணம். அவ்வளவுதான்.

இதை வைராக்கியம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் நடைமுறையில் இதன் அர்த்தம் என்ன? இந்தப் பையனுக்கு இனி என்ன நடந்தாலும் மதுரைக்கு ஒரு தந்தி அடிக்கக்கூட யாருக்கும் முகவரி தெரியாது.

பாதாள லிங்கத்தில் நடந்தது என்ன?

முதலில் ஆயிரங்கால் மண்டபத்தில்தான் உட்கார்ந்தார். பேச்சு கிடையாது, அசைவும் கிடையாது. ஊர்ப் பையன்களுக்கு இது வேடிக்கையாகப் போய்விட்டது. தங்கள் வயதுப் பையன் ஒருவன் சிலை மாதிரி இருக்கிறான் என்றால் விடுவார்களா? கல்லும் ஓட்டாஞ்சில்லும் பறந்தன.

அவர்களை விரட்டப் பார்த்தவர் சேஷாத்ரி சுவாமிகள். அவரும் வெளியூர்க்காரர்தான், 1889-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர். ஊர் அவரைப் பைத்தியம் என்றும் சொன்னது, சித்தர் என்றும் சொன்னது. அவர் விரட்ட விரட்ட, பையன்களுக்கு உற்சாகம் கூடியதுதான் மிச்சம்.

தொல்லையிலிருந்து தப்பிக்க வேங்கடராமன் கீழே இறங்கினார். பாதாள லிங்க அறைக்குள் அப்போது யாரும் போவதில்லை. வெயில் படாத இடம், ஈரம், இருட்டு. பெருக்கி எத்தனை காலம் ஆகியிருக்குமோ! எறும்பு, பூச்சி, புழு எல்லாம் குடியிருந்தன. அந்தத் தரையில் வெறும் கோவணத்தோடு சுவரை ஒட்டி உட்கார்ந்தவர் அசையவே இல்லை. நாட்கள் போயின, வாரங்கள் போயின. தரையில் பட்ட தொடையின் அடிப்பகுதியைப் பூச்சிகள் கடித்துக் கடித்துப் புண்ணாக்கின. புண்ணிலிருந்து சீழும் ரத்தமும் வழிந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

நீண்ட நாள் அசையாமல் கிடக்கும் நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் ரத்த ஓட்டம் குறைந்து சதை கெடும். அதோடு ஈரமும் பூச்சிக்கடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முந்தைய காலம் அது. அந்தப் புண் ரத்தத்தில் விஷமாக ஏறியிருந்தால் ரமண மகரிஷி என்று ஒருவர் வரலாற்றில் இருந்திருக்கவே மாட்டார். பக்திக் கதைகளில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. உண்மையில் ரொம்ப ஆபத்தான ஒரு வரி அது.

ரத்தினம்மாள் என்ற பெண்மணி அந்த இருட்டுக்குள் இறங்கி வந்து சோறு வைத்தார், மாற்றுத் துணியும் கொண்டுவந்தார். அங்கிருந்து வெளியே வந்துவிடும்படி கெஞ்சிப் பார்த்தார். பதில் இல்லை.

தூக்கியவர்கள் யார்?

ஒருநாள் வேங்கடாசல முதலியார் என்பவர் அந்தப் பக்கம் வந்தபோது, பையன்கள் சிலர் பள்ளத்துக்குள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். குச்சியோடு பாய்ந்து விரட்டினார். அப்போது மண்டபத்து இருட்டிலிருந்து சேஷாத்ரி சுவாமிகள் வெளியே வந்தார். உள்ளே ஒரு சின்ன சாமி இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

முதலியார் உள்ளே இறங்கிப் பார்த்தார். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு முகம் தெரிந்தது. பயந்துபோய், பக்கத்துப் பூந்தோட்டத்தில் இருந்த சாது ஒருவரையும் அவருடைய சீடர்களையும் கூட்டி வந்தார். எல்லோருமாகச் சேர்ந்து அந்த உடம்பைத் தூக்கினார்கள். அப்போதும் அவருக்கு நினைவு இல்லை. தொடையின் நிலையை அப்போதுதான் பார்த்தார்கள்.

கோபுரத்து சுப்பிரமணியர் சந்நிதிக்குக் கொண்டு வந்து வைத்தார்கள். அங்கே இருந்த மௌன சாமியார் ஒருவர், உமையம்மன் சந்நிதியில் அபிஷேகமாகி வந்த பாலைக் கொடுத்தார். அதில் மஞ்சள், சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்திருக்கும். சில நாள் கழித்து இதைக் கவனித்த அர்ச்சகர், இனிமேல் அம்மனுக்கு அபிஷேகமான சுத்தமான பாலை மட்டும் தனியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

ஒருவர் கல்லெறிந்தவர்களை விரட்டினார், நாலு பேர் தூக்கினார்கள், ஒருவர் பால் கொடுத்தார், ஒருவர் அந்தப் பாலைச் சுத்தமாக்கினார். பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. இவர்களில் யாருக்கும் அந்தப் பையனின் பெயரோ ஊரோ தெரியாது.

புண் ஆறியது. ஆனால் தழும்பு கடைசி வரை போகவில்லை.

பெயர் தெரிய வந்தது எப்படி?

1897-ல் ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கேயும் எறும்புத் தொல்லை. இந்த முறை ஊர் உஷாராக இருந்தது. ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். அப்படியும் சுவரில் சாய்ந்த முதுகு வழியாக எறும்பு ஏறியது. பழனிசுவாமி என்ற மலையாளி அங்கேதான் வந்து சேர்ந்தார். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் நிழல் மாதிரி கூடவே இருந்தார்.

தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த ஒருவருக்கு மட்டும், இவர் யார் என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. பெயரையும் ஊரையும் சொல்லாவிட்டால் ஆபீஸுக்கும் போக மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு தாளில் வேங்கடராமன், திருச்சுழி என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார் ரமணர். திருச்சுழி என்ற ஊர் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த பெரிய புராணத்தை எடுத்து, அந்த ஊர்ப் பெயர் வரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

1898-ல் தகவல் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. மானாமதுரையில் வக்கீலாக இருந்த சித்தப்பா நெல்லையப்பர் வந்து கூப்பிட்டார். வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பவழக்குன்றுக்கு அம்மாவே வந்தார். நாள்கணக்கில் அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. விதிப்படிதான் எல்லாம் நடக்கும் என்ற பொருளில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததோடு சரி. அழகம்மாள் அவர் இல்லாமலேயே திரும்பினார். 1916-ல் அவரே மகனோடு தங்க வந்துவிட்டார் என்பது தனிக்கதை. 1922-ல் அவர் இறந்த பிறகு, அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் உருவானது.

தொடர்ந்து வந்த காயங்கள்

விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் ஒருமுறை மலையில் நடக்கும்போது கால் பட்டு ஒரு குளவிக்கூடு கலைந்தது. கலைத்த காலைத்தானே கொட்டுகின்றன என்று அந்தக் காலை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். கால் வீங்கிப் போனது. 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடர்களைத் தடுத்தார். வெளியே வந்தபோது அவருக்கும் இடது தொடையில் அடி விழுந்தது. திருடர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

பின்னாளில் இந்த ஊரில் உடம்பு முடியாமல் போன வெளியூர்க்காரர்களை ரமணர் எப்படி நடத்தினார் என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். 1938-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். ஹாலுக்கு அவரால் வர முடியவில்லை என்று தெரிந்ததும், ரமணர் எழுந்து அந்த அறைக்கே போய் அவர் அருகில் உட்கார்ந்திருந்தார். மாம் 1944-ல் எழுதிய நாவலில் வரும் இந்தியச் சாமியார் பாத்திரத்துக்குப் பின்னால் இருப்பது இந்தச் சந்திப்புதான்.

1949 மே மாதம் பாதாள லிங்க அறையைப் புதுப்பித்து, அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி திறந்து வைத்தார். அந்தச் சமயத்தில் ரமணரின் இடது முழங்கைக்கு அருகே வந்த கட்டிக்கு இரண்டு அறுவை சிகிச்சைகள் முடிந்திருந்தன. கட்டி சார்கோமா வகைப் புற்றுநோய் எனத் தெரிந்தது. கையை எடுத்துவிடலாம் என்ற டாக்டர்களின் யோசனையை அவர் ஏற்கவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மறுபடி அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு அவர் மறைந்தார். பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸோன் அன்று திருவண்ணாமலையில் இருந்தார். அந்த நேரத்தில் மலைப் பக்கம் ஒரு எரிநட்சத்திரம் போனதைத் தானும் பார்த்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

ஆசிரமத்துக்குப் போகிற அதே செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சேஷாத்ரி சுவாமிகளின் சமாதி இருக்கிறது. கிரிவலம் போகிறவர்கள் முதலில் கடப்பது அதைத்தான்.